பிறேக்கர் பெட்டியில் உன் பெயர்

என் செல்லத் தம்பி ரூபனுக்கு,

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். எந்தக் கதையென்றாலும் முடிவு தெரிந்த பிறகுதான் நீ ஆறுதலாக இருந்து கேட்பாய். உன்னுடைய பியர் வந்துவிட்டது. போன கிழமை உன் ஆட்டைத் திவசம், நீ போய் ஒரு வருடம்; அதற்குள் வந்துவிட்டது. பிறேக்கர் ஒருதரமும் விழவில்லை, ஒரு வயரும் சூடாகவில்லை, அம்மாவுக்குக் கரண்ட் அடிக்கவில்லை. உன் அக்கா தலையை நிமிர்த்திக்கொண்டு இதை எழுதுகிறாள்.

இதை என் படத்துக்கு முன்னால் நின்று சொல்லியிருக்கலாமே, ஏன் ஊர் பார்க்க எழுதுகிறாய் என்று கேட்பாய். உன் எட்டாம் நாளுக்கு ஸ்காபரோவில் பாதிச் சனம் எங்கள் வீட்டுக்கு வந்ததடா. அன்று உன் இலையைப் பார்த்தவர்கள் எல்லாருக்கும் மிச்சக் கதையும் தெரியவேண்டும்.

போனவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து எட்டாம் நாள் படைப்பதுதானே எங்கள் வழக்கம். அம்மா நண்டுக் கறி வைத்தார், கணவாய் பொரித்தார், ஆட்டிறைச்சியைப் பிரட்டி வைத்தார். குடிக்கிறவருக்குக் குடியும் வைக்கவேண்டும் அல்லவா? யாரோ ஒரு அங்கிள் கடையில் வாங்கிவந்த கான் பியர் ஒன்றை உடைத்து இலைக்கரையில் வைத்தார். “கிளாஸ் கழுவின தண்ணி” என்று நீ முகத்தைச் சுளிப்பாயே, அதே பியர். பின்னால் நின்ற ஒருவர் மெல்லக் கேட்டது என் காதில் விழுந்தது.

“அவன் தானே காய்ச்சிற பொடியன்? அவன்ர கைப் பியர் ஒரு போத்திலும் வீட்டில இல்லையோ?”

இல்லை. ஏன் இல்லை என்று உனக்கும் எனக்கும் அம்மாவுக்கும்தான் தெரியும். எனக்கு முகம் எரிந்தது. அவ்வளவு சனத்துக்கும் முன்னால் உன் படத்தைப் பார்த்து, “ஆட்டைக்கு முதல் உன்ர பியர் வரும்” என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். அம்மா திரும்பிப் பார்த்தார். இவளுக்கு மூளை பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார்.

வாசிக்கிறவர்களுக்காக நடந்ததைச் சொல்கிறேன். நீ குறுக்கே கதைக்காதே.

என் தம்பி ரூபன் பஸ் ஓட்டினவன். நான் எலெக்ரீசியன், இருபத்திரண்டு வருடமாக ரொறன்ரோவின் மாடிக் கட்டடங்களுக்கு வயர் இழுக்கிறேன். அம்மாவும் நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருந்தோம். லீவு நாள் என்றால் இவன் கராஜில் காஸ் அடுப்பை மூட்டி, முளைவிட்ட பார்லியை ஊறவைத்து, வடித்து, கொதிக்கவைத்து, பியர் ஆக்குவான். மார்கழியில் கராஜ் கதவைத் திறந்து வைத்து, தொப்பியும் கையுறையுமாக நின்று, காற்றுக்கு அணைகிற அடுப்பைத் திரும்பத் திரும்பப் பற்றவைப்பான். அவனுடைய அறுபது லீற்றர் சில்வர் கிடாரத்தை அம்மா “அன்னதானக் கிடாரம்” என்பார். குளிரில் அலுத்துப்போய், இனிக் கரண்டில், வீட்டுக்குள்ளே, பேஸ்மென்ற்றில் உடுப்புத் தோய்க்கிற லோன்றி அறையில் காய்ச்சுவது என்று இவன் முடிவெடுத்தான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சரி, இனி உன்னோடு கதைக்கிறேன். அன்று வேலையால் வந்தவள் கீழே ஒரு இரைச்சல் கேட்டு இறங்கினேன். கிடாரத்துக்குள் பெரிய சூடாக்கும் கம்பி. அதிலிருந்து வந்த வயர் உடுப்புக் காயவைக்கிற ட்றையரின் பிளக்கில். கீழே ஈரச் சீமெந்து. நீ செருப்போடு நின்று அகப்பையால் கிண்டிக்கொண்டிருந்தாய்.

“விசரா உனக்கு? தண்ணியும் கரண்டும் சில்வர்க் கிடாரமும்! ஏர்த் எங்க பூட்டினனி?”

“வீடியோவில அப்பிடித்தான் அக்கா செய்தவங்கள்.”

“வீடியோவில காட்டினவன் உன்ர செத்தவீட்டுக்கு வருவானோ?”

பிறேக்கரை அணைத்தேன், பிளக்கைக் கழற்றினேன், பிளையரை எடுத்து அந்த வயரை உன் கண்முன்னாலேயே இரண்டு துண்டாக வெட்டினேன். வெட்டியதற்கு நான் வருந்தவில்லை. இன்றைக்குக் கண்டாலும் வெட்டுவேன். ஆனால் அந்தச் செத்தவீட்டுக் கதையை ஏன் கதைத்தேன்? 

நீ கோபிக்கவில்லை. இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு, எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தபடி கேட்டாய்.

“அப்ப நீயே செய்து தாவன் அக்கா.”

“வின்ரர் முடியட்டும். செய்து தாறன்.”

“உன்ர வின்ரர் எப்ப முடியிறது!” என்று சிரித்தாய். அதன் பிறகு நீ ஒருதரமும் காய்ச்சவில்லை. மாசியில் ஒரு காலை, வாசலில் ஸ்னோ தள்ளப் போனாய். ஸ்னோ அள்ளுகிற சவளைச் சுவரில் சாத்திவிட்டுப் படியில் இருந்தாய். பிறகு எழும்பவில்லை. பிளையரால் செய்ததை விட, “வின்ரர் முடியட்டும்” என்று சொன்னதுதான் என்னைக் கொன்றது.

வின்ரர் முடிந்தது. ஸ்பிறிங்கும் முடிந்தது. நான் லோன்றி அறைப் பக்கமே போகவில்லை. வீட்டில் மெஷின் இருக்க, உடுப்பையெல்லாம் பிளாசாவில் இருக்கிற கடைக்குக் கொண்டுபோய்த் தோய்த்தேன். ஆவணி பிறந்தபோது அம்மாதான் கேட்டார்: “சனத்துக்கு முன்னால சொன்னனி. செய்யப்போறியோ, இல்லையோ?” குடியை வீட்டில் அண்டவிடக்கூடாது என்று உன்னோடு பத்து வருடம் சண்டை பிடித்த மனுசி கேட்கிற கேள்வியா அது?

அன்று பின்னேரம்தான் உன் கொப்பியை எடுத்தேன். பியர் காய்ச்சும் கணக்கெல்லாம் எழுதிவைக்கும் அந்த நீல மட்டைக் கொப்பி. கடைசிப் பக்கங்களில் லோன்றி அறை முழுவதையும் அளந்து கீறியிருந்தாய். கிடாரம் எங்கே, பம்ப் எங்கே, குளிரவைக்கும் செம்புச் சுருள் எங்கே, ஆவியை வெளியே தள்ளும் ஃபான் எந்த யன்னலில். வீட்டின் மொத்தக் கரண்ட் சுமையைக்கூடக் கூட்டிப் பார்த்திருந்தாய். பிழை பிடிப்போம் என்று சிவப்புப் பேனையோடு இருந்தேன். அடுப்பு, ட்றையர், ஏசி எல்லாம் சேர்த்து நான் கூட்டியதும் அதே தொகைதான் வந்தது. சிவப்புப் பேனையை மூடி வைத்தேன். பஸ் ஓட்டினவன் இதையெல்லாம் எப்போதடா படித்தாய்?

எல்லாவற்றுக்கும் பெயர் எழுதின அந்தப் படத்தில், கரண்டைக் கட்டுப்படுத்தும் பெட்டிக்கு மட்டும் ஒரு வெறும் சதுரம். உள்ளே ஒரு வயரும் கீறவில்லை. “அக்கா” என்று மட்டும் எழுதியிருந்தாய். நான் வயரை வெட்டின பிறகு கீறின படம் அது.

சரி, உனக்கு விருப்பமான பகுதிக்கு வருகிறேன். பெருமை பேசப் போகிறேன், பொறுத்துக்கொள்.

வீட்டுச் சொந்தக்காரி என்று நானே பெர்மிற் எடுத்தேன். எங்கள் பழைய நூறு அம்பியர் பெட்டியில் ஒரு பிறேக்கர் வைக்கவும் இடமில்லை. நாலு பழைய பிறேக்கரைக் கழற்றி ஒல்லியானவற்றைப் போட்டு இரண்டு இடம் பிடித்தேன். அதில் முப்பது அம்பியர் பிறேக்கர்; ஒரு துளி கரண்ட் கசிந்தாலும் நீ “ஆ” என்று கத்துமுன் அணைந்துவிடும் வகை. அங்கிருந்து லோன்றி அறைக்குத் தடித்த கேபிள், ட்றையருக்குத் தொடர்பில்லாத தனி லைன். கிடாரத்துக்கு ஏர்த், பம்ப்புக்கு ஏர்த், மேசைக்கு ஏர்த். அந்த அறையில் ஏர்த் இல்லாமல் நிற்பது அம்மா மட்டும்தான்.

கரண்டைக் கட்டுப்படுத்தும் பெட்டியை உன் சதுரத்தின் அளவுக்கே வாங்கினேன். முன்பக்கத்தில் சூட்டைக் காட்டவும் பிடித்து வைக்கவும் ஒரு சின்னக் கருவி. அறுபத்தேழு பாகை என்று சொன்னால் அறுபத்தேழிலேயே நிற்கும். காஸ் அடுப்புக்கு முன்னால் நீ தேர்மாமீற்றரை வைத்துக்கொண்டு பட்ட பாடு இனி இல்லை. சூடாக்க ஒரு சுவிட்ச், பம்ப்புக்கு ஒரு சுவிட்ச், எல்லாவற்றையும் நிறுத்த ஒரு பெரிய சிவப்புப் பொத்தான். உள்ளே ஒவ்வொரு வயரையும் நேராக இழுத்து, மடிப்பு மடிப்பாகக் கட்டினேன். மாடிக் கட்டடத்தில் இப்படிச் செய்ய நேரம் தரமாட்டார்கள். இதை நாலு சனிக்கிழமை இருந்து செய்தேன்.

நான் இந்த வேலைக்குப் போன புதிதில் எங்கள் சனம் என்ன சொன்னது என்று நினைவிருக்கிறதா? “கம்பியில தொங்கிற வேலை பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன்?” நீதான் அப்போது, “அவள் தொங்கேல்லை, நீங்கள் லைற் போட்டுக்கொண்டு இருக்கிறது அவளாலதான்” என்று சொன்னாய். இரவல் சட்டை மாதிரி உன் பேச்சை எவ்வளவு காலம் போட்டுக்கொண்டு திரிந்தேன் தெரியுமா?

கார்த்திகையில் இன்ஸ்பெக்டர் வந்தார். வயதானவர், சிரிக்காத முகம். முழங்காலை ஊன்றி ரோர்ச் அடித்துப் பார்த்தார். கேபிளை இழுத்துப் பார்த்தார். பெட்டியைத் திறந்து ஒவ்வொரு வயராக விரலால் தொடர்ந்து பார்த்தார்.  பிறகு, யார் செய்தது என்று கேட்டார். நான் என்றேன். என்னையும் பார்த்து, பெட்டியையும் பார்த்து, “இதை மூடுவதற்கே மனம் வரவில்லை” என்று ஆங்கிலத்தில் சொன்னார். அப்படிச் சொன்னாரடா! அதை அம்மாவுக்கு இரண்டு தரம் மொழிபெயர்த்துச் சொன்னேன்.

ஒரேயொரு பிழைதான் பிடித்தார். பிறேக்கர் பெட்டிக் கதவில் எந்த இலக்கம் எதற்கு என்று எழுதுகிற அட்டையில், அடுப்பு, ட்றையர், ஏசி என்று வந்து, புது பிறேக்கருக்கு நேரே நான் “ரூபன்” என்று எழுதியிருந்தேன். இது என்ன சாமான் என்று கேட்டார். என் தம்பி என்றேன். ஆளின் பெயரைப் போடக்கூடாது, கருவியின் பெயரைப் போடவேண்டும் என்றார். அவருக்கு முன்னாலேயே “ரூபனின் பியர் அடுப்பு” என்று ஆங்கிலத்தில் திருத்தினேன். அவர் முதல்தடவையாகச் சிரித்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

இவ்வளவு கெட்டிக்காரியான நான் செய்த கூத்தைக் கேள். முதல்நாள் சோதனைக்கு அம்மாவைக் கீழே கூட்டிவந்து கதிரையில் இருத்தினேன். கிடாரத்தை நிரப்பினேன். பெட்டியைப் பற்றிப் பெரிய பிரசங்கம் வைத்துவிட்டுச் சுவிட்சில் கையை வைத்தேன்.

“தண்ணி கிடக்கோ பிள்ளை?” என்றார் அம்மா.

“இப்பதானே அம்மா விட்டனான்.”

“எட்டிப் பார்.”

பார்த்தேன். கிடாரத்தின் அடியில் இருக்கிற குழாயை மூட மறந்துவிட்டேன். தண்ணீர் முழுக்க வடிகானுக்குள் போயிருந்தது. வெறும் கிடாரத்தில் சுவிட்சைப் போட்டிருந்தால் அந்தச் சூட்டுக் கம்பி நிமிடத்தில் கருகியிருக்கும். இருபத்திரண்டு வருட அனுபவம்! அம்மா சொன்னார்: “உலை வைக்கிறவள் முதல்ல பானைக்குள்ள பாப்பாள்.” அன்றிலிருந்து அவர்தான் இந்த அறையின் இன்ஸ்பெக்டர். “தண்ணி கிடக்கோ?” என்று அவர் கேட்டு, நான் “ஓம்” என்று சொல்லாமல் இங்கே ஒரு சுவிட்சும் விழாது.

எல்லாம் தயார் என்றுதான் நினைத்தேன். பிறகுதான் உன் ஈஸ்ட் போத்தல் நினைவுக்கு வந்தது. கடையில் புதிது வாங்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் அடியில் தங்குவதை எடுத்து, அடுத்த முறைக்கு ஊற்றி, பத்து வருடமாக நீ உயிரோடு வைத்திருந்த ஈஸ்ட் அது. உன் பியரின் மணமே அதுதான் என்று உன்னோடு பஸ் ஓட்டிய அன்ரன் சொல்லுவான். மற்றதெல்லாம் என் கைவேலை. உன் கை பட்டது அது ஒன்றுதான். பிறிட்ஜின் பின்தட்டில் தேடினேன். போத்தல் அங்கேதான் இருந்தது. கழுவிக் கவிழ்த்து, பளபளவென்று.

“அம்மா, இதுக்குள்ள இருந்தது எங்க?”

“அதோ? அப்பத்துக்குப் போட்டிட்டன்.”

வெறும் போத்தலை அம்மாவிடம் நீட்டினேன். அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. போத்தலைத் திருப்பி, நீ ஒட்டியிருந்த துண்டைக் காட்டினார். அம்மா வாசிக்கவேண்டும் என்று நீ தமிழில் எழுதியது: “ஈஸ்ட். எறியாதேங்கோ அம்மா.”

“பிள்ளை எறியாதேங்கோ எண்டு எழுதி வைச்சிருக்குது. நான் எறியேல்லையே! முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிஞ்ச கையோட மாவுக்க விட்டிட்டன்.”

நான் அழத் தொடங்கிவிட்டேன். ஒரு வருடத்தில் அப்படி அழவில்லை. சதுரத்தைக் கண்டபோதுகூட அழவில்லை. அம்மா பயந்து என் தலையைத் தடவினார். அழுது ஓய்ந்த பிறகுதான் எனக்குப் பொறி தட்டியது. அப்பம் சுடும்போது அம்மா கடைசி அகப்பை மாவைச் சுடமாட்டார் அல்லவா? அடுத்த கிழமை மாவைப் புளிக்கவைக்க அதை ஒரு கிண்ணத்தில் எடுத்து வைப்பார்.

“அம்மா, அந்த மாவில இருந்துதான் இண்டைக்கும் எடுக்கிறீங்களோ?”

“ஓம். ஒவ்வொரு கிழமையும். அது போட்ட பிறகுதான் மா பானையை விட்டு வழியுது, நீயும் சொன்னனியே.”

சொன்னேன். பங்குனியில் இருந்து ஞாயிறு தவறாமல் சாப்பிட்டேன். பாலப்பம், கரையெல்லாம் கண்ணறை கண்ணறையாக, மொறுமொறுவென்று. இந்த வருடம் ஏன் இவ்வளவு நன்றாக வருகிறது என்று கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டேன். நீ பிறிட்ஜுக்குள் கிண்ணத்தில் இருந்திருக்கிறாய் தம்பி. நாங்கள்தான் அறியவில்லை.

ஒரு கரண்டி மாவை எடுத்து, காய்ச்சி ஆறவைத்த பார்லித் தண்ணீரில் கலந்து, கம்பளித் துணி சுற்றி வைத்தேன். மூன்றாம் நாள் நுரைத்தது. அதை இன்னொரு போத்தல் பார்லித் தண்ணீருக்கு மாற்றினேன்; அது இன்னும் பொங்கியது. தையில் ஒரு ஞாயிறு, உன் கொப்பியில் நீ மூன்று தரம் அடிக்கோடு போட்ட பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, உன் கிடாரத்தில், என் பெட்டியில், அம்மா மேற்பார்வையில் காய்ச்சினோம். வெளியே ஸ்னோ கொட்டியது. நாங்கள் கையில்லாத சட்டையோடு நின்றோம்.

ஆட்டைக்கு ஐயர் வந்தார். திவசத்துக்கு எல்லாம் சைவம்தான். பியர்ப் போத்தலை எப்படிக் கொண்டுவருவது என்று நான் முழுசிக்கொண்டு நின்றேன். பிண்டம் வைத்து, தட்சணை வாங்கி, ஐயர் காரில் ஏறி வாசலைத் தாண்டும்வரை அம்மா கும்பிட்டுக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே வந்து சேலைத் தலைப்பைச் செருகினார்.

“இனி அவன்ரயைக் கொண்டு வா.”

எட்டுக்கு வந்த சனத்தில் பாதி அன்றும் வந்திருந்தது. அன்று கான் பியர் வைத்த அங்கிளும் நின்றார். அம்மா புது இலை விரித்து, ஒரு அப்பம் வைத்தார். நான் போத்தலைத் திறந்தேன். “டப்” என்று நல்ல சத்தமாகத் திறந்தது. கிளாசில் ஊற்றினது அம்மா. தன் வாழ்நாளில் முதல்தடவையாக பியர் ஊற்றினார். பாலை வார்க்கிற மாதிரி உயரத் தூக்கி வார்த்ததில் பாதிக்குமேல் நுரை. யாரும் சிரிக்கவில்லை. உனக்குப் படைத்த பிறகு எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றினோம். நான் அன்ரனின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“அக்கா, உண்மையைச் சொல்லட்டோ? இது ரூபன்ர பியர் இல்லை. புளிக்குது.” திரும்பவும் ஒரு மிடறு குடித்தான். கண்ணை மூடினான். “ஆனா பின்னால அவன்ர மணம் நிக்குது அக்கா. எங்கயோ நிக்குது. இன்னும் கொஞ்சம் ஊத்துங்கோ.”

புளிக்காமல் என்ன செய்யும்? இவ்வளவு மாதமும் அம்மாவின் அப்ப மாவில் இருந்த ஈஸ்ட் அல்லவா! உன் பியர் அப்படியே வரவில்லை என்று உனக்குக் குறையாக இருக்கும். எனக்கு இல்லை. நீ கீறினாய், நான் பூட்டினேன், அம்மா அறியாமல் பத்து மாதம் வளர்த்தார். மூன்று பேரும் சேர்ந்து ஒரு காரியத்தை இதற்கு முன் எப்போதாவது சண்டையில்லாமல் செய்திருக்கிறோமா? எனக்கு அவ்வளவு பெருமையாக இருக்கிறது தம்பி. உன்னை நினைத்தும் பெருமை, என்னை நினைத்தும் பெருமை. நீ கேட்டபோதே செய்திருந்தால் இன்னும் பெருமையாக இருந்திருக்கும்.

நேற்று அம்மா கீழே வந்து, காய்ச்சினதின் அடியில் தங்கியிருந்ததை எனக்குச் சொல்லாமலே வழித்தெடுத்தார். பாதியை அப்ப மாவுக்கு வைத்துக்கொண்டார். மிச்சத்தை உன் பழைய போத்தலில் விட்டு, பிறிட்ஜின் பின்தட்டில் அதே இடத்தில் வைத்தார். நீ எழுதின துண்டின் மை மங்குகிறது. அதன் மேல் நிறமில்லாத ஒட்டுநாடாவை ஒட்டியிருக்கிறேன்.

இனி நான் எதற்கும் வின்ரர் முடியட்டும் என்று சொல்லமாட்டேன். ஒவ்வொரு ஆட்டைக்கும் கிடாரம் கொதிக்கும், முதலில் தண்ணீர், பிறகுதான் சுவிட்ச். அந்தப் போத்தலை எறியமாட்டோம், ரூபன். நாங்கள் ஒருநாளும் எறியமாட்டோம்.

இப்படிக்கு,
நீ கீறின படத்தின் சதுரத்துக்குள் இருக்கிற
அக்கா